பிலிப்பு என்ன ஆக்கள்

யோகராஜா நகரசபையில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது காகிதத்தில் மட்டும்தான். நியூசிலாந்தில், அவர் குடியிருக்கும் பாட்டனி டவுன்ஸில், நடக்கப் போகிற தெருவில் யாராவது புதிதாக வேலி போட்டால், நின்று, தலையைச் சாய்த்து, உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் அப்பால் போவார். எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் அதில் ஒரு பிழை இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பிழை தெரியவில்லை என்றால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட மனிதரிடம் கூடப்பிறந்த தங்கை வந்து, "அண்ணா, நான் ஒருத்தரைக் கலியாணம் செய்யலாம் எண்டு யோசிக்கிறன்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தேடத் தொடங்கினார்.

தங்கையின் பெயர் விக்ரோறியா. வயது ஐம்பத்தொன்பது. மன்னாரில் புருசனைப் பறிகொடுத்தபின், அண்ணன் பொறுப்பேற்று எடுப்பிக்க நியூசிலாந்துக்கு வந்தவள். பிள்ளைகள் இல்லை. முதலில் ரானுயி என்ற புறநகரில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அண்ணி அன்னபாக்கியம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தபோது, ஒரு பையோடு வந்து, "ரெண்டு கிழமை நிண்டிட்டுப் போறன்" என்றாள். அவள் போகவும் இல்லை, போ என்று அவர் சொல்லவும் இல்லை. யோகராஜாவின் ஒரே மகன் கெல்வின் கடல் கடந்து பேர்த்தில் இருக்கிறான். நல்ல பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் போன் எடுப்பான், ஆனால் பேர்த் பேர்த்தில்தான் இருக்கிறது.

ஆக, பாட்டனி டவுன்ஸ் வீட்டில் இரண்டு பேர். விக்ரோறியாவுக்குக் கடைத்தொகுதியில் திரைச்சீலை விற்கும் பகுதியில் வேலை. பின்னேரம் வந்ததும் அண்ணன் அன்று உலகத்தில் கண்டுபிடித்த பிழைகளை எல்லாம் சொல்லுவார், அவள் "ஓம் அண்ணா, ஓம்" என்று கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். இதை ஒரு குடும்பம் என்று சொல்லலாமா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் யோகராஜா அடித்துச் சொல்லியிருப்பார், இதுதான் குடும்பம் என்று.

மாப்பிள்ளை பெயர் பிலிப். மனுகாவில் உள்ள கடைத்தொகுதி ஒன்றில் சாவி வெட்டிக் கொடுக்கிறவர். அறுபத்தாறு வயது, மனைவியை இழந்தவர், பெரிய கைகள், குறைந்த பேச்சு. விக்ரோறியா அவரிடம் வீட்டுச் சாவிக்கு ஒரு பிரதி வெட்டப் போனாள். வெட்டிய சாவி திரும்பவில்லை. மறுபடி போனாள். அதுவும் திரும்பவில்லை. "அப்படியென்றால் பிழை சாவியில் இல்லை, பூட்டில்" என்று சொல்லி, அவரே ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றிப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டு, உட்காரச் சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்தது யோகராஜாதான். பின்னாளில் இதை நினைத்தால் அவருக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

முதலில் சமயத்தைப் பிடித்தார். பிலிப் ஓதடொக்ஸ் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர், இவர்கள் கத்தோலிக்கர். பங்குத் தந்தையிடம் போய்க் கேட்டார். அவர், "அதுக்கு வழியிருக்கு, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வயதைச் சொல்லலாம் என்றால் பிலிப் யோகராஜாவைவிட இரண்டு வயது இளையவர். கடைசியில் எங்கள் ஆட்கள் எல்லாரும் கடைசியில் போய் நிற்கிற இடத்துக்கே யோகராஜாவும் போய் நின்றார்.

எங்கள் ஆட்கள் இருவர் எங்காவது ஒரு நாட்டில் சந்தித்தால் முதல் கேள்வி, "ஊரில எவடம்?" கேட்கிறவருக்கு ஊரின் பெயர் வேண்டியதில்லை. ஊர் தெரிந்தால் எந்தக் கோயில் என்று தெரியும், கோயில் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் "என்ன ஆக்கள்", அதாவது என்ன சாதி, என்பது தானாகத் தெரிந்துவிடும். இத்தனையும் ஒரு புன்னகைக்குள் முடிந்துவிடும். பிலிப் அடுத்தமுறை வீட்டுக்கு வந்தபோது யோகராஜா இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார்.

"ஃபுளோரினா" என்றார் பிலிப்.

ஃபுளோரினா கிரேக்க நாட்டின் வடக்கு மூலையில், மாசிடோனிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யோகராஜா வரைபடத்தில் பார்த்துக்கொண்டார். "அப்படியென்றால் நீங்கள் கிரேக்கர்" என்றார்.

"ஃபுளோரினா" என்றார் பிலிப்.

"அல்லது மாசிடோனியரா?"

பிலிப் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஃபுளோரினா" என்று மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு, பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எழுந்து போனார்.

இதை யோகராஜா நவரத்தினத்திடம் சொன்னார். நவரத்தினம் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், காலை நடைக்குக் கூட்டாளி. கோயில் வேறாக இருந்தாலும் வீட்டுச் சங்கதிகள் இருவருக்கும் பொது.

"ஆள் குடிக்கிறவரோ மச்சான்?" என்று கேட்டார் நவரத்தினம்.

"இல்லை."

"கை நீட்டுற ஆளோ?"

"பாத்தா அப்பிடித் தெரியேல்லை."

"உன்ர தங்கச்சியோட மரியாதையாக் கதைக்கிறாரோ?"

"கதைக்கிறதே குறைவு. கதைச்சா மரியாதைதான்."

"பிறகென்ன பிரச்சினை உனக்கு?"

"ஆள் என்ன ஆக்கள் எண்டு பிடிபடேல்லை."

நவரத்தினம் நடையை நிறுத்திவிட்டார். "வெள்ளைக்காரனிட்டையும் இதைக் கேட்டிட்டியோ?" என்றவர், பிறகு கடைத்தொகுதியைச் சுற்றி முடிக்கும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். யோகராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னை யார் என்று நேராகச் சொல்லாத மனிதன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் வாதம். இருபத்தெட்டு வருடம் அனுமதிப் படங்கள் பார்த்த அனுபவம்.

அதிலிருந்து அவர் மாசிடோனியர்களைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கினார். இன்றைய மாசிடோனியர்களை அல்ல. மாசிடோனியா என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற இன்றைய சண்டையில் இரு பக்கத்தாரும் கத்துகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. வேரிலிருந்து பார்ப்போம் என்று இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்குப் பின்னால் போனார். அலெக்சாந்தரும் அவனுடைய தகப்பன் பிலிப்பும் கிரேக்கர்களா, இல்லையா? அது தெரிந்தால் ஃபுளோரினாக்காரரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடலாம். சாவி வெட்டுகிற ஒரு மனிதரைப் பிடிப்பதற்கு அலெக்சாந்தரின் தகப்பனைக் கூப்பிட வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். யோகராஜாவிடம் கேட்டுப் பாருங்கள், விளக்கம் சொல்லுவார்.

அங்கேயும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. மாசிடோனிய அரசர்கள் தாங்கள் கிரேக்க வம்சம் என்று நிரூபித்து ஒலிம்பிக் போட்டியில் ஓடியிருக்கிறார்கள். அப்படியென்றால் கிரேக்கர். ஆனால் ஏதென்ஸில் ஒரு பேச்சாளர் பிலிப் அரசனைக் கிரேக்கனே இல்லை, காட்டுமிராண்டி என்று மேடையில் வைத்துத் திட்டியிருக்கிறார். அப்படியென்றால் இல்லை. திட்டியவருக்கு அரசியல் காரணம் இருந்தது என்கிறார்கள். அப்படியென்றால் ஆம். பாஷையைப் பார்த்தாலோ, மிஞ்சியிருப்பது பழைய அகராதி ஒன்றில் கிடந்த கொஞ்சச் சொற்களும், ஆட்களின் பெயர்களும், பெல்லா என்ற அவர்களுடைய தலைநகரில் ஒரு கல்லறைக்குள் கிடைத்த ஈயத் தகடு ஒன்றும். அந்தத் தகட்டில் இருப்பது கிரேக்கத்தின் ஒரு வட்டார வழக்கு என்று பலர் சொல்கிறார்கள். ஒரு தகட்டை வைத்து ஊரையே அளக்க முடியாது என்று வேறு சிலர். யோகராஜா வினைச்சொற்களைப் பற்றிய குறிப்பை மட்டும் படித்துவிட்டு அதைக் கடந்து போனார். தனக்கு வேண்டியது அதில் இல்லை என்று நினைத்தார்.

வேண்டியது பெயர்களில் கிடைத்தது. இதை எழுதிக் காட்டுவது நமக்குக் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப' தான். பழைய கிரேக்கர் பிலிப் என்ற பெயரின் முதல் எழுத்தை, 'பந்து' என்பதில் வரும் ப-வோடு மூச்சையும் சேர்த்து ஊதிச் சொன்னார்கள். மாசிடோனியர் ஊதவில்லை. 'அன்பு' என்று சொல்லும்போது வருகிற ப இருக்கிறதே, அதைப் போட்டு அழைத்தார்கள். இப்போது நாங்கள் எல்லாரும் போடுகிற எஃப் அப்போது யாருடைய வாயிலும் இருக்கவில்லை. அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் வேறு ஆக்கள் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யோகராஜாவுக்கு அது போதும்.

அந்தப் பெயர்களுக்கிடையில் இன்னொரு பெயரும் இருந்தது. அதைப் படித்ததும் யோகராஜா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் மேலே தள்ளிவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பிலிப் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். விக்ரோறியா மீன் குழம்பும், கத்தரிக்காய்ப் பொரித்த கறியும், அவருக்காக உறைப்புக் குறைத்து ஒரு கோழிக்கறியும் வைத்திருந்தாள். பிலிப் உறைப்புக் குறைத்ததை விட்டுவிட்டு மீன் குழம்பைப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். விக்ரோறியா சிரித்தாள். தன் தங்கை இப்படி, தோள் குலுங்கச் சிரித்து யோகராஜா எத்தனையோ காலமாகப் பார்க்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அவர் மறுப்பார். ஆனால் பிடிக்கவில்லை.

சோறு பாதியில் இருக்கும்போதே தொடங்கினார். ஒலிம்பிக், ஏதென்ஸ் பேச்சாளர், அகராதி, எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விக்ரோறியாவுக்காகத் தமிழிலும் சொன்னார், அவளுக்கும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பது மறந்துபோய். கடைசியில் அந்த எழுத்தை எடுத்து வைத்தார். "ஒரு பெயரையே கிரேக்கர் மாதிரிச் சொல்ல வராதவையள், எப்பிடிக் கிரேக்கர் ஆகிறது?"

விக்ரோறியா கறிச்சட்டியை மேசையில் வைத்தாள். "அப்ப என்னையும் மாசிடோனியாக்காரி எண்டு எழுதுங்கோ அண்ணா. எனக்கும்தான் அவற்ற பேர் அவையள் சொல்லுற மாதிரி வராது. நான் பிலிப்பு எண்டுதானே கூப்பிடுறன். வேதாகமத்தில இருக்கிற மாதிரி."

"நீ கடையில நல்லா எஃப் சொல்லுவாய்."

"அது கடையில."

பிலிப், என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார் என்று யோகராஜா எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். யோகராஜா அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக எதையும் கேட்டதில்லை.

"பழைய ஆட்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பதினான்கு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் வீட்டில் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் வேறு பாஷை. அம்மா கூப்பிடுகிற பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் வாத்தியாரின் முகம் மாறும். வாத்தியார் வைத்த பெயரை வீட்டில் சொன்னால் அப்பாவின் முகம் மாறும். மெல்போர்னுக்குப் போனேன். அங்கே எங்கள் ஊர்க்காரருக்கு இரண்டு சங்கம். என் அக்கா ஒன்றில், தம்பி மற்றதில். இருவரும் என் பெயரைச் சொல்லுகிற விதத்திலேயே நான் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பு எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே வந்தது அதனால்தான். உங்கள் தங்கை என்னைக் கூப்பிடுகிறாள் பாருங்கள், அந்தப் பெயரில் யாரும் என்னைச் சோதித்ததில்லை. அவள் கூப்பிட்டால் நான் வெறுமனே திரும்பிப் பார்க்கலாம்."

இந்த இடத்தில் யோகராஜா வாயை மூடியிருக்கலாம். எந்த மனிதனும் மூடியிருப்பான். ஆனால் இவர் பிழை கண்டுபிடிக்க உட்கார்ந்தவர், எழும்ப மனம் வரவில்லை. "எல்லாம் சரி" என்றார். "ஆனால் தான் யார் என்று சொல்ல மாட்டேன் என்கிற ஒருவரை நம்பி, என் தங்கையை நான் எப்படி அனுப்புவது?"

பிலிப் தட்டில் இருந்ததை மரியாதைக்காகச் சாப்பிட்டு முடித்தார். சாப்பாடு மிக நன்றாக இருந்தது என்று விக்ரோறியாவிடம் சொன்னார். யோகராஜாவுக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். விக்ரோறியா வாசல்வரை போய் வந்து, மேசையைத் துடைத்தாள்.

அந்தக் கிழமை நடுவில் ஒருநாள், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அண்ணா, நான் அவரிட்ட ஏலாது எண்டு சொல்லிட்டன். நீங்கள் இனித் தேடத் தேவையில்லை" என்றாள்.

"ஏன்?"

"ஏன் எண்டு கேக்கிறியளே" என்றாள். அதில் கோபம்கூட இருக்கவில்லை. அடுப்படிக்குள் போனாள்.

யோகராஜாவுக்கு அன்று நல்ல நித்திரை. உண்மையை மறைத்து என்ன பயன், நிம்மதியாகத்தான் தூங்கினார். அடுத்த நாளும் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாட்களில்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. விக்ரோறியா எல்லாம் செய்தாள், எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணா" என்றாள். பின்னேரங்களில் அவர் பிழைகளைச் சொல்லும்போது பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் அவள் கேட்கவில்லை. எதிரில் இருக்கிற மனிதர் கேட்காமல் தலையாட்டுவது எப்படியிருக்கும் என்று யோகராஜாவுக்குத் தெரியும்; அனுமதி மறுக்கப்பட்டவர்கள் அவருக்கு முன்னால் அப்படித்தான் தலையாட்டுவார்கள். அவர் கதையைப் பாதியில் நிறுத்தினார். அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த காலையில் அவள் வேலைக்குப் போனதும், தேடித் திறந்து வைத்திருந்த பக்கங்களை மூடிவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். ஒலிம்பிக் போயிற்று, ஏதென்ஸ் பேச்சாளர் போனார். பெல்லாவின் ஈயத் தகடு வந்தது. அதன் மொழிபெயர்ப்பு கீழே இருந்தது. வினைச்சொல்லுக்காக மேலோட்டமாகப் பார்த்ததை இப்போதுதான் முதல் வரியிலிருந்து படித்தார்.

எழுதியது ஒரு பெண். ஒரு மனிதனுக்கும் வேறொரு பெண்ணுக்கும் நடக்கப்போகிற கலியாணத்தை நிறுத்துவதற்காக எழுதியிருக்கிறாள். எழுதி, சுருட்டி, ஒரு பிணத்தோடு புதைத்திருக்கிறாள். அவள் எழுதியது இது: நான் இதை மறுபடி தோண்டியெடுத்து விரித்துப் படிக்கும்வரை அந்தக் கலியாணம் நடக்கக் கூடாது. அவன் வேறு யாரையும் கட்டக் கூடாது. அவனோடு கிழவியாவது நானாக மட்டும் இருக்க வேண்டும். தெய்வங்களே, என்மேல் இரங்குங்கள். எனக்கு ஒருத்தரும் இல்லை, நான் கைவிடப்பட்டவள்.

யோகராஜா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இந்த ஆக்கள் யார் என்று உலகத்தில் எத்தனையோ பண்டிதர்கள் அடிபடுகிறார்கள். அவர்களுடைய ஊரில், அவர்களுடைய வாயால் பேசியதாக மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தில் ஒன்று இது. கிரேக்கமா இல்லையா என்று அவரும் பார்த்தார். ஒரு கலியாணத்தை நிறுத்த நினைத்த, தனிமைக்குப் பயந்த ஒரு சீவன் எழுதியது இது என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை. அவரும் ஒரு தகடு எழுதினார். கொஞ்சம் நீளமாக, ஆதாரங்களோடு. அவருடைய தகடு பலித்தும்விட்டது. எனக்கு ஒருத்தரும் இல்லை என்ற அந்தக் கடைசி வரியைத் தவிர மிச்சமெல்லாம் எழுதியிருந்தார். அந்த வரியை ஒளித்து வைப்பதற்காகத்தான் மிச்சத்தை எழுதினார். யோகராஜா அந்த வெறும் வீட்டில் சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றி, மனுகாவுக்கு பஸ் எடுத்தார்.

பிலிப்பின் கடை என்பது நடைபாதை ஓரத்தில் ஒரு தடுப்பு, ஒரு இயந்திரம், பின்சுவர் முழுக்க வெட்டப்படாத சாவிகள். அவர் ஒரு பெண்மணிக்குச் சப்பாத்துக் குதி ஒட்டிக்கொண்டிருந்தார். யோகராஜாவைக் கண்டதும் தலையசைத்து, காத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். யோகராஜா காத்திருந்தார். அந்தப் பெண்மணி போனதும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துவைத்த ஆங்கில வசனம் எல்லாம் கலைந்துபோய்விட்டது.

"உங்கள் பழைய ஆட்களிடம் ஒரு பெயர் இருந்தது" என்றார் திடீரென்று. "பெரெனிக்கே. அதுவும் அந்த எழுத்துத்தான். கிரேக்கர் ஊதிச் சொன்னார்கள், மாசிடோனியர் ஊதாமல் சொன்னார்கள். அரசிகளுக்கெல்லாம் வைத்த பெயர். மாசிடோனியர் சொன்ன மாதிரிதான் உலகம் முழுக்கப் பரவியது."

பிலிப் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்.

"அதற்கு அர்த்தம், வெற்றியைக் கொண்டு வருகிறவள்" என்றார் யோகராஜா. "வெற்றி. விக்ரோறியா என்றாலும் அதுதான். என் தங்கையின் பெயர் உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கிறது."

பிலிப் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?"

"உங்கள் இரண்டு பேருக்கும் சந்தோசமாக இருக்கும் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை."

சொல்லிவிட்டார். சொன்னபிறகு மற்றது வருவது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. "நீங்கள் கிரேக்கரோ யாரோ, எனக்கு அது பிரச்சினையே இல்லை. அவள் போனால் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பது என்று பயந்தேன். அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும்" என்றார் பிலிப். "அவள் சொன்னாள்."

"என்ன சொன்னாள்?"

பிலிப் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். "உங்கள் மனைவி இறந்த கிழமை அவள் உங்களைப் பார்க்க வந்தாளாம். நீங்கள் மேசையில் உட்காராமல், அடுப்படித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டினீர்களாம். தனியாக இருந்தால் அண்ணன் சாப்பிட மாட்டார், ஒரு வருடத்தில் அவரையும் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டி வரும், அந்தப் பாவத்தோடு என்னால் உங்களைக் கட்ட முடியாது என்றாள். கிரேக்கம் பற்றி எல்லாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை."

யோகராஜா தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். தான் அப்படி நின்று சாப்பிட்டதை யாரும் பார்த்ததாக அவருக்குத் தெரியாது. இரண்டு கிழமை நிற்கிறேன் என்று வந்தவள் ஏன் போகவில்லை என்று இத்தனை வருடம் அவர் ஒருதடவைகூட யோசித்ததில்லை. எல்லாவற்றிலும் பிழை தேடிய மனிதர், தனக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த இந்த நல்லதைக் கவனிக்கவே இல்லை.

போனை எடுத்தார். விக்ரோறியாவுக்கு அது இடைவேளை தொடங்கப்போகிற நேரம். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்ன அண்ணா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. நீ ஓமெண்டு சொல்லு."

"எதுக்கு?"

"பிலிப்புக்கு."

மறுமுனையில் யாரோ திரைச்சீலையின் விலை கேட்பதும், அவள் ஒரு நிமிடம் என்று ஆங்கிலத்தில் சொல்வதும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எங்க நிக்கிறியள்?" என்றாள்.

"அவற்ற கடையில."

"அண்ணா, நான் யோசிச்சுத்தான் சொன்னனான். நீங்கள் இதுக்காக மனதை வருத்த வேண்டாம்."

"நீ சொன்னதை அவர் எனக்குச் சொல்லிட்டார். தொட்டிக்குப் பக்கத்தில நிண்டது, எல்லாம்." அவருக்குக் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டார். "நீ இவ்வளவு நாள் என்னைப் பாத்தது காணும் பிள்ளை. உனக்கு நான் செய்தது அநியாயம். இனி உன்ர சீவியத்தைப் பார்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழுதுகொண்டே, எங்கள் பெண்கள் எந்த நேரத்திலும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சாப்பிட்டியளோ?"

"இல்லை. இப்பதான் சாப்பிடப் போறன்."

"வீட்டை போயோ? ஃபிரிட்ஜுக்குள்ள மீன் குழம்பு இருக்கு, சூடாக்கி..."

"இஞ்சைதான். கடையில வாங்கி, இருந்து சாப்பிடப் போறன். நான் பழகிறன், நீ பயப்பிடாதை. இந்தா, அவரோட கதை."

போனைப் பிலிப்பிடம் நீட்டினார். பிலிப் அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். அவர் காதில் வைத்ததும், அந்த முனையிலிருந்து அவள் அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்பது யோகராஜாவுக்குக் கேட்டது. அதற்கு மேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை. தள்ளிப் போனார்.

சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி மேல் மாடியில். மத்தியானக் கூட்டம். ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் நடத்தும் கடையில் சோறும் கோழிக்கறியும் வாங்கினார். "அங்கிள், ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?" என்று அவள் கேட்டாள். ஒருவருக்கு என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி நடந்தார். எல்லா மேசையிலும் யாராவது இருவர், மூவர். ஓரத்தில் இரண்டு நாற்காலி போட்ட ஒரு சின்ன மேசை கிடைத்தது. உட்கார்ந்தார். எதிர் நாற்காலி வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழும்பிப் போய்விடலாம் என்றும் ஒருதடவை நினைத்தார்.

பக்கத்து மேசையில் ஒரு சமோவாக் குடும்பம், தாயும் தகப்பனும் பிள்ளைகளும், ஒரு நாற்காலி குறைந்து தடுமாறிக்கொண்டிருந்தார்கள். தாய் திரும்பி, எதிர் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு கேட்டாள், இங்கே யாராவது வருகிறார்களா என்று.

யோகராஜா அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"இல்லை, ஒருத்தரும் வரவில்லை" என்றார். "எடுத்துக்கொள்ளுங்கள்."

அவள் நன்றி சொல்லி நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். யோகராஜா தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, முதல் வாய்ச் சோற்றை எடுத்தார்.